குழந்தைகளுக்கு எந்த மிருகக் கதை?

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் குழந்தைகள் புத்தக அலமாரி திறந்த நாளில் நிகழ்த்திய உரை)



பகல் ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசு தலையில் இருக்க நேராக இங்கே வந்தவர்கள் இருக்கிறீர்கள். நடவு முடித்துச் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த சகோதரிகளும் இருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்கும் உத்தேசம் நமக்கில்லை. இந்த அலமாரியில் உள்ள மிருகக் கதைகளில் சின்னப் பிள்ளைக்கு எதைச் சொல்வது, வளர்ந்த பிள்ளை கையில் எதைக் கொடுப்பது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

வாசலில் ஒரு தோழர் நம்மை நிறுத்திக் கேட்டார்: "போனஸ் பிரச்சினை தலைக்கு மேல் இருக்கிறது, கூலி உயர்வு பாக்கி நிற்கிறது. இந்த நேரத்தில் நரிக் கதையும் காக்கைக் கதையும் எதற்கு?" கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போகக் கூடாது.

நாம் கதை சொல்லாவிட்டால் நம் பிள்ளைகள் கதையே கேட்காமல் வளர்ந்துவிடுவார்களா? இல்லை. பள்ளிப் புத்தகம் சொல்லும், தொலைக்காட்சி சொல்லும், கைபேசி சொல்லும். குழந்தைக்கு முதலில் தெரிந்த ஜீவன்கள் கோழியும் ஆடும் காக்கையும்தான். மந்திரி யார், முதலாளி யார் என்று தெரிவதற்கு முன்பே சிங்கம் ராஜா, நரி மந்திரி, கழுதை வேலைக்காரன் என்று அதன் மனதில் பதிந்துவிடுகிறது. சிங்கம் ராஜாவாக இருப்பது இயற்கை, கழுதை உதைபடுவதும் இயற்கை என்று ஐந்து வயதில் நம்பிய பிள்ளை, இருபது வயதில் மேனேஜர் அறைக்குள் நிமிர்ந்து போவது கொஞ்சம் கஷ்டம்தான். போனஸுக்கும் நரிக் கதைக்கும் அவ்வளவு சம்பந்தம் உண்டு.

இந்தக் கதைகள் எங்கே பிறந்தன என்று பாருங்கள். பஞ்சதந்திரத்தின் முகவுரையே சொல்லிவிடுகிறது. ஒரு ராஜாவுக்கு மூன்று மக்குப் பிள்ளைகள். அவர்களுக்கு ராஜநீதி ஏறவில்லை. விஷ்ணு சர்மா என்ற பிராமணப் பண்டிதர் ஆறு மாதத்தில் கற்பிப்பதாகச் சபதம் செய்து, மிருகங்களை வைத்துக் கதை கட்டினார். ஆக, ஆளப் போகிறவர்களுக்கு ஆளும் வித்தையைச் சொல்லிக் கொடுக்க எழுந்த புத்தகம் அது. நட்பைப் பிரிப்பது எப்படி என்பதுதான் அதன் முதல் பாகம்! மித்திரபேதம் என்று பெயர். நண்பர்களைச் சேர்ப்பது இரண்டாம் பாகமாகத்தான் வருகிறது. நம் ஆலைகளில் சங்கத்தைப் பிளக்க வருகிறவர்கள் யாரும் சமஸ்கிருதம் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் முதல் பாகம் அவர்களுக்கு மனப்பாடம். சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தாண்டவராய முதலியார் 1826-ல் இதைத் தமிழ் வசனத்தில் தந்தார்.

இன்னொரு பக்கம் ஈசாப். கிரேக்க நாட்டில் சாமோஸ் தீவில் ஒருவனுக்கு அடிமையாக இருந்தவர் என்று ஹெரடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் ரோமாபுரியில் பீட்ரஸ் என்பவர் ஈசாப் கதைகளைப் பாட்டில் எழுதினார். அவரும் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்தான். மனதில் உள்ளதை வெளியே சொன்னால் தண்டனை கிடைக்கும் என்பதால் அடிமைகள் மிருகங்களின் வாயில் வைத்துச் சொன்னார்கள், இப்படித்தான் இந்த மாதிரிக் கதைகள் பிறந்தன என்று அவர் விளக்கம் தருகிறார். சவுக்கு ஓங்கியிருக்கும் இடத்தில் மனிதன் நேராகப் பேச முடியாது. அவனுக்கு ஓநாய் பேசிற்று, நாய் பேசிற்று.

ஆக அரண்மனையிலும் கதை பிறந்திருக்கிறது, அடிமைக் கொட்டடியிலும் பிறந்திருக்கிறது. இரண்டும் கலந்துதான் நம் பாட்டிமார் வாயில் வந்து சேர்ந்தன. அரண்மனைக் கதை என்பதற்காக ஒன்றை வீசி எறியவும் வேண்டாம். உழைக்கிற ஜனங்கள் திருப்பிச் சொல்லச் சொல்ல அதுவும் நம்முடையதாகிவிடுகிறது. எப்படித் திருப்பிச் சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீல நரிக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாய்கள் துரத்த ஓடி வந்த நரி, சாயக்காரர் வீட்டு நீலத் தொட்டியில் விழுந்தது. நிறம் மாறி வெளியே வந்தது. காட்டு மிருகங்கள் மிரண்டன. கடவுள் அனுப்பிய ராஜா நான் என்றது நரி. சிங்கமும் புலியும் ஊழியம் செய்தன. ஒருநாள் தூரத்தில் நரிகள் ஊளையிட, இதுவும் தன்னை மறந்து ஊளையிட்டது. குட்டு வெளிப்பட்டது, கதை முடிந்தது. இதற்கு வழக்கமாகச் சொல்லும் நீதி என்ன? பிறவிக் குணம் மாறாது. அவரவர் இடத்தில் அவரவர் இருக்க வேண்டும்! சேரியில் பிறந்த பிள்ளைக்கு இந்த நீதியைச் சொன்னால் அது என்னவாகப் போய் விழும்? படித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிற பிள்ளையைப் பார்த்து 'நீலம் பூசிய நரி' என்று சொல்லும் நாக்கு நம் ஊர்களில் இல்லையா?

ஆனால் கதையைக் கவனமாகப் படித்துப் பாருங்கள். மூல நூலிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. சொல்கிறவர்கள் அதை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். நரி ராஜாவானதும் செய்த ஒரு காரியம், தன் இன நரிகளையெல்லாம் அடித்து விரட்டியது. சிங்கத்துக்கும் புலிக்கும் பதவி கொடுத்தது. தன்னோடு பட்டினி கிடந்தவர்களைத் துரத்திற்று. அதனால்தான் குட்டு உடைந்த அன்று அதன் பக்கத்தில் நிற்க ஒரு நரி கூட இல்லை. அது நரியாகப் பிறந்ததில் எந்தத் தப்பும் இல்லை. நேற்று வரை நம்மோடு டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, மேஸ்திரி வேலை கிடைத்ததும் நம்மைக் கண்டு முகத்தைத் திருப்புகிறவனை நமக்குத் தெரியாதா? பிள்ளைகளிடம் இந்தக் கதையை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லுங்கள். மற்றதை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

இதோபதேசத்தில் வண்ணான் வீட்டு நாயும் கழுதையும் பேசிக்கொள்ளும் கதை ஒன்று. இரவில் திருடன் வருகிறான். நாய் குரைக்கவில்லை. ஏன் என்று கழுதை கேட்கிறது. நான் எத்தனை நாள் காவல் காத்தேன், எஜமான் எனக்குச் சரியாகச் சோறு போடுவதில்லை, ஆபத்து வந்தால்தான் என் அருமை தெரியும் என்கிறது நாய். விசுவாசமுள்ள கழுதை எஜமானை எழுப்பத் தானே கத்துகிறது. தூக்கம் கெட்ட எஜமான் தடியெடுத்துக் கழுதையை அடித்துப் போடுகிறான். 'பிறர் வேலையில் தலையிடாதே' என்று இதற்கு நீதி எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் கேள்விக்கு என்ன பதில்? அதை ஒருவரும் எழுதவில்லை. உங்கள் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால் கதையை மட்டும் சொல்லிவிட்டு, யார் பேரில் தப்பு என்று கேட்டுப் பாருங்கள். நாம் சில இடங்களில் கேட்டுப் பார்த்திருக்கிறோம். கழுதை பேரில் தப்பு என்று சொன்ன பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை.

இங்கே ஒரு வேண்டுகோள். கதைக்கு அடியில் கட்டம் கட்டி 'இதனால் அறியப்படும் நீதி' என்று போட்டிருப்பதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டாதீர்கள். கசப்பு மருந்தை வெல்லத்தில் வைத்துக் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் அடுத்த தடவை பிள்ளை வெல்லத்தையும் தொடாது. நம் தோழர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய நீதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'ஆகவே ஒன்றுபடுவீர்' என்று ஒட்டினாலும் அதே கதிதான்.

இனி வயதுப்படி சொல்வோம்.

ஏழெட்டு வயது வரை உள்ள சின்னதுகளுக்குப் படித்துக் காட்டுவதைவிடச் சொல்வதே மேல். முயல் சிங்கத்தைக் கிணற்றடிக்கு அழைத்துப்போன கதையைக் குரலை மாற்றி, கையைக் காலை ஆட்டிச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு மிருகம் என்று முறைபோட்டுச் சாகப் போனவர்கள் மத்தியில், நேரம் கழித்துப் போன ஒரு முயல்! சொல்லத் தெரியாதவர் யார்?

வலையில் சிக்கிய புறாக்கள் கதையை மேடைகளில் நாமே நூறு தடவை சொல்லியிருக்கிறோம். எல்லாப் புறாவும் சேர்ந்து வலையோடு பறந்தன, ஆகவே ஒற்றுமை என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறோம். கதையின் மிக நல்ல பாகம் அதற்குப் பிறகுதான் வருகிறது. வலையோடு பறந்து போய் இரணியகன் என்ற எலியின் வளை வாசலில் இறங்குகின்றன. எலி தன் சிநேகிதனான சித்திரக்கிரீவன் என்ற புறா ராஜாவின் கட்டை முதலில் கடிக்க வருகிறது. சித்திரக்கிரீவன் தடுக்கிறது. முதலில் மற்றவர்களின் கட்டை அறு, என் கட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. எலியின் பல் தேய்ந்துபோனால் தன் காலுக்கு வராமலே போகலாம் என்று தெரிந்தே சொல்கிறது. சங்கத்தில் பொறுப்பு வகிக்கும் தோழர்கள் இந்தப் பாகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கொஞ்சம் தங்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும்.

எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த பிள்ளைக்கு டால்ஸ்டாயின் சின்னக் கதைகளைக் கொடுங்கள். அவர் பிரபு வீட்டுப் பிள்ளை. ஆனாலும் 1859-ல் தம் ஊரான யாஸ்னயா பொல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். 'போரும் அமைதியும்' எழுதி முடித்த பிறகு, 1872-ல், அவர் உட்கார்ந்து எழுதியது ஒரு அரிச்சுவடி. அதற்காக எழுதிய கதைகள்தான் இவை. சிங்கக் கூண்டுக்குள் இரையாக எறியப்பட்ட நாய்க்குட்டியை அந்தச் சிங்கம் தின்னாமல் கூட வைத்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. இரண்டு பக்கம்கூட வராது. முடிவில் நாய் இறந்துபோகிறது, துக்கம் தாங்காமல் சிங்கமும் இறந்துபோகிறது. பிள்ளை அழும். அழட்டும், பாதகமில்லை. 'சும்மா கதைதானே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஏன் என்று கேட்கிற பிள்ளைக்கு வித்தாலி பியான்கி. 1959-ல் மறைந்த சோவியத் எழுத்தாளர். இவருடைய மிருகங்கள் சட்டை போட்டுக்கொண்டு நீதி சொல்வதில்லை. எறும்பு எறும்பாகவே இருக்கும், பொழுது சாய்வதற்குள் புற்றுக்குப் போக வேண்டுமே என்று தவிக்கும். 1928-ல் அவர் 'காட்டுச் செய்தித்தாள்' என்று ஒரு புத்தகம் போட்டார். முழுக்கப் பத்திரிகை மாதிரியே இருக்கும். எந்தப் பறவை வந்து சேர்ந்தது, எந்தக் குளம் உறைந்தது, யார் வீட்டில் குஞ்சு பொரித்தது என்று காட்டிலிருந்து நிருபர்கள் எழுதுவார்கள். நம் பிள்ளைகளும் ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்தலாமே! அறுவடை முடிந்த வயலுக்கு எத்தனை வகைக் கொக்கு வந்தது, ஆலைச் சுவரில் எந்தப் பொந்தில் மைனா கூடு கட்டிற்று என்று எழுதட்டும். ஆலைக்குள் நடப்பதைச் சரியாகப் பார்த்து எழுதுகிற நிருபர்கள் பின்னால் அவர்களிலிருந்தே வருவார்கள்.

மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி, கெட்டி அட்டையும் வண்ணப் படமுமாகக் கூலிக்காரன் வாங்கக்கூடிய விலையில் வந்த புத்தகங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1991-ல் சோவியத் நாடு போனதோடு அந்த வரத்து நின்றுவிட்டது. யார் வீட்டிலாவது பரணில் பழைய பிரதி இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவந்து கொடுங்கள். ஒட்டிக்கொள்கிறோம்.

ஒன்பது, பத்து வயதுக்கு ஈசாப்பின் ஓநாயும் நாயும். பட்டினி கிடக்கும் ஓநாய், கொழுத்த வீட்டு நாயைப் பார்க்கிறது. வா, எஜமான் வீட்டில் வேளா வேளைக்குச் சோறு என்கிறது நாய். இரண்டும் நடக்கின்றன. வழியில் நாயின் கழுத்தில் மயிர் தேய்ந்த இடத்தைப் பார்த்து, அது என்ன என்று கேட்கிறது ஓநாய். ஒன்றுமில்லை, பகலில் கட்டிப்போடுவார்கள், அந்தப் பட்டை உரசினது என்கிறது நாய். ஓநாய் திரும்பி நடக்கிறது. அவ்வளவுதான் கதை. ஓர் அடிமையின் பெயரில் நிற்கும் கதை என்று எண்ணிக்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு பிரேம்சந்த் எழுதிய 'இரண்டு எருதுகளின் கதை'. இந்த அலமாரியில் ஒரே ஒரு கதைக்குத்தான் நேரம் உண்டு என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்லுவோம். பிரேம்சந்த் 1936-ல் லக்னோவில் கூடிய முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அந்த வருஷமே மறைந்தார்.

ஜூரி என்ற குடியானவனிடம் ஹீரா, மோதி என்று இரண்டு எருதுகள். ஹீரா பொறுமைசாலி, மோதி முன்கோபி. ஜூரி அவற்றை மைத்துனன் வீட்டுக்கு அனுப்புகிறான். நம்மை விற்றுவிட்டானோ என்று அவை நினைக்கின்றன. கயிற்றை அறுத்துக்கொண்டு இரவோடிரவாக வீடு திரும்புகின்றன. மறுபடி பிடித்துப் போகிறார்கள். அங்கே அடியும் காய்ந்த வைக்கோலும். அந்த வீட்டில் தாயில்லாத ஒரு சிறு பெண், சிற்றன்னையிடம் அடிபடுகிறவள், இரவில் ஒளிந்து வந்து இரண்டுக்கும் ஆளுக்கொரு ரொட்டி கொடுக்கிறாள். அடிபடுகிறவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதை ஒரு ரொட்டியில் காட்டிவிட்டார். அவளே ஒருநாள் கட்டை அவிழ்த்து விடுகிறாள்.

ஓடிப்போன எருதுகள் பயிரில் மேய்ந்து பட்டியில் அடைபடுகின்றன. வெள்ளைக்காரன் 1871-ல் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டத்தின் கீழ் நடந்த பட்டி. மாட்டைப் பிடித்து அடைத்து, மீட்கப் பணம் கட்டு என்பார்கள். ஏழைக்கு அது இரட்டை அபராதம். அந்தப் பட்டியில் எருமை, குதிரை, ஆடு, கழுதை எல்லாம் தீனியில்லாமல் தரையில் கிடக்கின்றன. ஹீரா, சாது ஹீரா, எழுந்து மண் சுவரைக் கொம்பால் குத்துகிறது! காவல்காரன் அதை அடித்துத் தடித்த கயிற்றில் கட்டிப்போடுகிறான். மோதி விட்ட இடத்திலிருந்து குத்துகிறது. பாதிச் சுவர் விழுகிறது. குதிரைகள் ஓடின, ஆடுகள் ஓடின, எருமைகள் ஓடின. கழுதைகள் மட்டும் நின்றன. மறுபடி பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு, சுவர் திறந்து கிடக்க, நின்றன! மோதி அவற்றைக் கொம்பால் முட்டித்தான் வெளியே தள்ள வேண்டியிருந்தது. இந்த இடத்தில் சபையில் சிரிப்பு எழும். சிரிக்கிறவர்களில் சிலர், போன வேலைநிறுத்தத்தின்போது வாசலில் தயங்கி நின்றவர்களாகவும் இருப்பார்கள்.

மோதி ஓடவில்லை. ஹீரா கட்டுண்டு கிடக்கிறதே! நீ போ என்கிறது ஹீரா. நான் மாட்டேன் என்கிறது மோதி. விடிந்ததும் அடி அதற்குத்தான். பிறகு இரண்டும் ஏலத்தில் போவதும், வழியில் பழகிய பாதையைக் கண்டு வீட்டுக்கு ஓட்டமெடுப்பதும் பிள்ளைகள் தாங்களே படிக்க வேண்டியவை. அடிமைப்பட்ட இந்தியாவில் இருந்துகொண்டு எழுதிய கதை இது. அந்தப் பட்டிச் சுவர் எதுவென்று அன்றைய வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் தஞ்சை மண்ணில் பண்ணையாளைச் சவுக்கால் அடித்தார்கள், சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். அதை எதிர்த்து 1940-களில் தோழர் பி. சீனிவாசராவ் முதலானோர் சங்கம் கட்டினார்கள். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இந்தக் கதையைப் படிக்கத்தான் வேண்டும்.

செகாவின் 'கஷ்தான்கா' 1887-ல் வந்தது. தச்சன் வீட்டு நாய் தெருவில் காணாமல் போகிறது. ஒரு சர்க்கஸ் கோமாளி எடுத்து வளர்க்கிறான். வயிறார உணவு, கதகதப்பான படுக்கை, அடி கிடையாது. பழைய வீட்டிலோ தச்சன் குடிகாரன். அவன் மகன் இறைச்சித் துண்டை நூலில் கட்டிக் கொடுத்து, விழுங்கியபின் வெளியே இழுத்து விளையாடுவான். கடைசியில் சர்க்கஸ் நடக்கும்போது கூட்டத்திலிருந்து பழைய குரல் கூப்பிடுகிறது. நாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் குரலை நோக்கி ஓடுகிறது. ஏன் ஓடிற்று? பிள்ளைகள் நடுவில் விட்டால் ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். பாசம் என்பார்கள், பழக்கம் என்பார்கள், முட்டாள்தனம் என்பார்கள். நமக்கு அதில் முடிவான கருத்து இல்லை.

பன்னிரண்டு வயதுக்கு மேல் அன்னா சூவல் என்ற ஆங்கிலேய மாது 1877-ல் எழுதிய 'பிளாக் பியூட்டி'. சிறு வயதிலேயே காலில் அடிபட்டு, ஒழுங்காக நடக்க முடியாமல் குதிரை வண்டியை நம்பி வாழ்ந்தவர். எழுதியது இந்த ஒரே புத்தகம். அடுத்த வருஷம் இறந்துபோனார். குதிரையே தன் கதையைச் சொல்கிறது. நம் கவனத்துக்கு உரியது லண்டன் வாடகை வண்டிக்காரர்களைப் பற்றிய பாகம். சாம் என்ற வண்டிக்காரன் சொந்த வண்டி இல்லாதவன். வண்டிக்கும் இரண்டு குதிரைக்குமாக நாளொன்றுக்கு 18 ஷில்லிங் முதலாளிக்குக் கட்டிய பிறகுதான் தன் பிள்ளைகளுக்குச் சோறு. குதிரையை அடிக்காமல் எப்படி ஓட்டுவேன் என்று கேட்கிறான். கொஞ்ச நாளில் செத்தும் போகிறான். ஆட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டும் தோழர்கள் இந்த அத்தியாயத்தைத் தாங்களே படிக்க வேண்டும். குதிரையை வதைக்காதே என்று உபதேசிக்க வந்த அம்மாள், வண்டிக்காரனை வதைக்கிறவனிடம் வந்து நிற்கிறாள். உண்மையாக எழுதினால் அங்கேதான் வந்து நிற்க முடியும்.

ஜாக் லண்டனின் 'கானகத்தின் குரல்', பெ. தூரன் தமிழில் தந்திருக்கிறார். 1903-ல் வெளிவந்த நாவல். தங்கம் கிடைத்த வடநாட்டில் சறுக்கு வண்டி இழுக்க நாய் வேண்டும் என்பதற்காக, ஒரு வீட்டுச் செல்ல நாய் திருடப்பட்டு, விற்கப்பட்டு, தடியால் அடித்துப் பழக்கப்படும் கதை. எழுதியவர் பதினேழு வயதில் அமெரிக்கச் சணல் ஆலை ஒன்றில் மணிக்கு 10 சென்ட் கூலிக்கு வேலை செய்தவர், பிறகு சோஷலிஸ்டு ஆனவர். வெள்ளை நிறத்தைப் பற்றி அவருக்கு இருந்த வீண் கர்வம் வேறு எழுத்துகளில் தெரியும். அதையும் மறைக்க வேண்டாம். 1924 ஜனவரியில் லெனின் படுத்த படுக்கையாக இருந்தபோது, சாவதற்கு இரண்டு நாள் முன்பு, குரூப்ஸ்கயா அவருக்குப் படித்துக் காட்டியது இவருடைய ஒரு கதைதான். பனிப் பாலையில் பசியால் சாகக் கிடக்கும் மனிதனும், அவனைத் தொடர்ந்து ஊர்ந்து வரும் நோயாளி ஓநாயும். லெனினுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மறுநாள் அதே ஆசிரியரின் இன்னொரு கதையைப் படித்தார். அதில் முதலாளி வர்க்க நீதி வழிந்தது. லெனின் சிரித்துக் கையை அசைத்துவிட்டாராம்.

பதினான்கு, பதினைந்து வயதுக்கு வந்துவிட்டால் சரத்சந்திரரின் 'மகேஷ்'. இதைச் சொல்லும்போது நமக்கே தொண்டை அடைக்கிறது.

வங்கத்தில் ஒரு கிராமம். கபூர் என்ற ஏழை முஸ்லிம் நெசவாளி. அவனுக்கு ஒரு மகள், அமீனா. ஒரு கிழட்டு எருது. அதற்கு மகேஷ் என்று சிவனின் பெயரை வைத்திருக்கிறான். மழை இல்லை. பங்குக்குக் கிடைத்த வைக்கோலை ஜமீன்தார் பழைய பாக்கிக்குப் பிடித்துக்கொண்டார். பட்டினி கிடக்கும் மாட்டைப் பார்த்துவிட்டு, பசுவையும் எருதையும் பட்டினி போடுவது மகாபாவம் என்று உபதேசம் செய்கிறார் ஊர்ப் பண்டிதர். இரண்டு கட்டு வைக்கோல் கடன் கொடுங்கள் சாமி என்று காலைப் பிடித்தால் எட்டி நகர்ந்துவிடுகிறார். கபூர் தன் குடிசைக் கூரையிலிருந்து வைக்கோலைப் பிடுங்கி மகேஷுக்குப் போடுகிறான். நாம் ஒரு கிராமத்தில் இதைப் படித்தபோது ஒரு விவசாயக் கூலித் தாய் இடைமறித்து, "மழை வந்தா அவன் எங்கே படுப்பான்?" என்று கேட்டார். எத்தனையோ விமர்சனக் கட்டுரைகள் படித்திருக்கிறோம். இந்தக் கேள்வியை எதிலும் பார்த்ததில்லை.

குளத்தில் அமீனா தானாகத் தண்ணீர் மொள்ளக் கூடாது. யாராவது மனமிரங்கி அவள் குடத்தில் ஊற்ற வேண்டும். கபூர் ஜமீன் கச்சேரியில் அடி வாங்கிக்கொண்டு வந்த அன்று, அப்படி அவள் கொண்டுவந்த ஒரு குடம் தண்ணீரை, தாகத்தில் தவித்த மகேஷ் தட்டிவிடுகிறது. குடம் உடைகிறது. ஆத்திரத்தில் கபூர் கலப்பையிலிருந்து கழற்றி வைத்திருந்த கட்டையை எடுத்து ஓங்கி அடிக்கிறான். பிள்ளை போல் வளர்த்த மகேஷ் செத்து விழுகிறது. இப்போது ஊரே கூடுகிறது. மாடு உயிரோடு பசித்தபோது ஒரு பிடி வைக்கோல் கொடுக்காத ஊர், அது செத்ததும் பிராயச்சித்தம் கேட்டு வருகிறது!

அன்று இரவு கபூர் மகளை எழுப்பி, வா, சணல் ஆலைக்குப் போவோம் என்கிறான். ஆலையில் பெண்களுக்கு மானமில்லை என்று அதுவரை போக மறுத்தவன் அவன். தோழர்களே, கிராமத்தில் நிலமும் மாடும் தண்ணீரும் பறிபோனவன் ஆலைக்கு நடந்த அந்த இரவை நம் தாத்தாக்களில் எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள்! ஆலைத் தொழிலாளி வேறு, வயல் தொழிலாளி வேறு என்று பேசுகிறவர்களிடம் இந்தக் கதையைக் கொடுங்கள். மாட்டின் பெயரால் ஏழையை அடிக்கிற காரியம் இந்த நாட்டில் இன்னும் நிற்கவில்லை. இந்தக் கதையை இஸ்லாமிய வீட்டுப் பிள்ளையும் இந்து வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது நம் ஆசை.

வாலிபர்களுக்கு இன்னும் இரண்டு. 1886-ல் வெளிவந்த டால்ஸ்டாயின் 'ஹோல்ஸ்தொமேர்', ஒரு கிழக் குதிரையின் கதை. 'என்னுடையது' என்ற மனித வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் குதிரை யோசிக்கிறது. தன்னை ஓட்டுகிறவன் வேறு, தீனி போடுகிறவன் வேறு, 'என் குதிரை' என்று சொல்கிறவன் வேறு! உடைமையைப் பற்றி எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறோம். இந்தக் குதிரை எடுக்கும் வகுப்பில் ஒருவரும் தூங்கியதில்லை. மற்றது கிர்கீசிய எழுத்தாளர் ஐத்மாத்தவின் 'குல்சாரி', 1966. ஓட்டக் குதிரை ஒன்றும், அதை வளர்த்த தனாபாய் என்ற கம்யூனிஸ்டும் சேர்ந்து கிழடாகும் கதை. அதிகார மமதை பிடித்தவர்களால் அந்த நல்ல கம்யூனிஸ்டு கட்சியிலிருந்தே வெளியேற்றப்படுகிறான். சோவியத் நாட்டுக்குள் இருந்துகொண்டு எழுதியது. கசப்பான புத்தகம்தான், நமக்கு வேண்டிய கசப்பு.

ஆர்வெல் 1945-ல் எழுதிய 'விலங்குப் பண்ணை'யைப் பற்றி ஒரு வாலிபர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நம்மைத் தாக்கத்தான் அதைப் பரப்பினார்கள். 1954-ல் அதைச் சித்திரப் படமாக எடுக்க அமெரிக்க உளவு ஸ்தாபனமே பணம் கொடுத்தது. என்றாலும் படிக்காதே என்று சொல்ல மாட்டோம். உழைத்து உழைத்து நுரையீரல் போன குதிரையை வண்டியில் ஏற்றித் தோல் வியாபாரிக்கு அனுப்புகிறார்களே, அந்த இடத்தில் எந்தத் தொழிலாளிக்கும் நெஞ்சு பதறும். படியுங்கள், பக்கத்திலேயே 'குல்சாரி'யையும் வைத்துக்கொண்டு படியுங்கள், விவாதிக்க வாருங்கள்.

கடைசியாக நடைமுறை விஷயம். எனக்கு எழுத்து வராதே என்று தயங்கும் தாய்மார்கள், பிள்ளையைப் படிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள். நைட் ஷிப்டு போகிற தகப்பன்மார்கள் ஞாயிற்றுக்கிழமை பகலில் அரை மணி ஒதுக்கினால் போதும். புத்தகம் ஒரு வாரத்துக்குக் கிடைக்கும், கட்டணம் இல்லை. பக்கம் கிழிந்துவிட்டால் பயந்துகொண்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம், கிழிந்ததையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு 'இரண்டு எருதுகளின் கதை'யை இதே பாயில் உட்கார்ந்து உரக்கப் படிக்கப் போகிறோம். மோதியின் குரலில் பேசப் பெரிய தொண்டையுள்ள ஒரு தோழர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அலமாரிப் பக்கம் வாருங்கள்.